நெஞ்சறுவையும் நோயாளியின் பங்கும்



நுரையீரலில் அறுவைச் சிகிச்சை செய்யவேண்டும் என்ற சொல் வைத்தியர் வாயிலிருந்து வந்துவிட்டால், நோயாளியைக் காட்டிலும் அவர் வீட்டாரே முதலில் நிலைகுலைந்து போகின்றனர். வயிற்றைக் கீறவேண்டுமென்றால் அஞ்சிக்கொண்டேனும் சம்மதிக்கிறார்கள். கண்ணில் அறுவை என்றால் இப்போதெல்லாம் அஞ்சுவார் எவருமில்லை. நெஞ்சைத் திறப்பது என்றால் மட்டும் "மூச்சே நின்றுபோகுமே!" என்ற திகில் பற்றிக்கொள்கிறது. உயிர் போயிற்று என்பதை மூச்சுப் போயிற்று என்றும் சொல்லிப் பழகிய நமக்கு இந்த அச்சம் இயற்கையே. ஆயினும் இந்த அச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு, இரத்தம் இரத்தமாக இருமி மாண்டவர்கள் உண்டு; அறுவை நன்றாக நடந்தேறிய பிறகும், இருமவும் நடக்கவும் அஞ்சிப் படுக்கையிலேயே கிடந்து, அதனால் வந்த சளிக் காய்ச்சலுக்குப் பலியானவர்களும் உண்டு. ஆகவே, கத்தி பிடிக்கும் வைத்தியரின் திறமையைப் பற்றி நான் இன்று பேசப்போவதில்லை. அதை அவர் பார்த்துக்கொள்வார். அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளியும் அவரைச் சேர்ந்தவர்களும் செய்யவேண்டிய பங்கு ஒன்று இருக்கிறதே, அதைப்பற்றித்தான் பேச்சு.

முதலில் நுரையீரலின் அமைப்பைச் சற்றே அறிந்துகொள்வது நலம். வலப்பக்கத்து நுரையீரல் மூன்று மடல்களாகவும், இடப்பக்கத்தது இரண்டு மடல்களாகவும் அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு மடலும் மேலும் சிறு துண்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. வலப்பக்கம் 10, இடப்பக்கம் 9, ஆக 19 துண்டங்கள் என்று கணக்கிடுவது வைத்தியர்களின் வழக்கம். ஒவ்வொரு துண்டத்துக்கும் தனியே ஒரு மூச்சுக் கிளைக்குழாயும் தனியே ஓர் இரத்தக் குழாயும் உண்டு. கண்மாயிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒவ்வொன்றுக்கும் தனி மடை இருப்பது போல, ஒரு மடையை அடைத்தால் அந்த வாய்க்கால் மட்டும் வற்றுமேயன்றி மற்றவை வற்றுவதில்லை. நுரையீரலில் அறுவை செய்வது சாத்தியமாவதே இந்த அமைப்பினால்தான். நோயுற்ற மடலின் குழாய்களைக் கட்டி, அந்த மடலை மட்டும் எடுத்துவிட்டால், எஞ்சிய மடல்கள் சற்றே விரிந்து காலியான இடத்தில் பெரும்பகுதியை நிரப்பிக்கொள்கின்றன.

இந்தப் 19 என்ற எண்ணைக்கொண்டு ஒரு கணக்கும் போடுகிறார்கள். ஆழ மூச்சிழுத்து, ஒரே விசையில் ஊதும்போது முதல் ஒரு விநாடியில் வெளியேறும் காற்று எவ்வளவு என்று கருவியால் அளக்கிறார்கள். ஒருவருக்கு அது 2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வலது மேல்மடலில் 3 துண்டங்கள். அதை எடுத்துவிட்டால் 19இல் 16 பங்கு எஞ்சும். அதாவது ஏறத்தாழ 1.7 லிட்டர். இதைக்கொண்டு அவர் நடமாடலாம், வேலை செய்யலாம். "பாதி நுரையீரல் போனால் பாதி ஆயுள் போயிற்று" என்று நம் ஊர்களில் சொல்கிறார்களே, அதற்கு ஆதாரமே இல்லை. அர்ஜென்டினா நாட்டில் 1957ஆம் ஆண்டில், இளைஞர் ஒருவருக்கு வலது நுரையீரலின் மேற்பகுதியை அறுத்து எடுத்தார்கள். அவர் பிற்காலத்தில் போப்பாண்டவர் பிரான்சிஸ் என்னும் பெயரில் உலகறிந்தவராகி, தேசம் தேசமாகச் சுற்றி, 2025ஆம் ஆண்டில் தம் 88ஆம் வயதில் காலமானார். அந்த அறுவைக்குப் பின் அவர் வாழ்ந்தது ஏறக்குறைய 68 ஆண்டுகள்.

இனி, யாருக்கு இந்த அறுவை தேவைப்படுகிறது என்று பார்ப்போம். மேல்நாடுகளில் புற்றுநோய்க்காகவே பெரும்பாலும் நெஞ்சைத் திறக்கிறார்கள். நம் நாட்டில் புற்றுநோயும் உண்டு; அதோடு காச நோய் விட்டுச்சென்ற எச்சங்களும் ஏராளம். க்ஷயம் மருந்தினால் குணமான பின்பும் நுரையீரலில் பொந்து விழுந்திருக்கும். அந்தப் பொந்தில் ஒருவகைப் பூஞ்சை குடியேறிப் பந்துபோல் திரண்டு வளர்ந்து, ஒருநாள் திடீரென இரத்தமாகக் கக்க வைக்கும். மூச்சுக் குழாய்கள் தளர்ந்து விரிந்து, நாள்தோறும் கிண்ணம் கிண்ணமாகச் சளி தள்ளுவோர் உண்டு. நுரையீரலைச் சுற்றிய உறையில் சீழ் கட்டி, அது தோல்போல் தடித்து, நுரையீரலை விரியவிடாமல் இறுக்கிப் பிடிப்பதும் உண்டு. அந்தத் தோலை உரித்தெடுப்பதே அங்கே அறுவை. ஆடு வளர்ப்போரிடையே இன்னொன்றையும் காணலாம். நாயின் குடலில் வாழும் சிறு நாடாப்புழுவின் முட்டை, கழுவாத கைவழியாகவோ கீரைவழியாகவோ மனிதன் உடலில் நுழைந்து, நுரையீரலில் நீர்க்கட்டியாக வளர்கிறது. அது தேங்காய்ப் பருமன்கூட ஆவதுண்டு. செத்த ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு எறியும் வழக்கம் ஒழிந்தால் இந்நோயில் பெரும்பங்கு ஒழிந்துபோகும். கிடை போடுகிறவர்கள் இதைக் கவனத்தில் வைக்கவேண்டும்.

நம் முன்னோர் காலத்தில் இந்த நோய்களுக்கு என்ன செய்தார்கள்? க்ஷயத்துக்கு மருந்தில்லாத நாட்களில் நல்ல காற்றும் ஓய்வும் உணவுமே சிகிச்சை. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் சானடோரியம் 1915இல் தொடங்கிற்று. சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில், டாக்டர் சௌரி முத்து என்னும் தமிழர் 1928இல் ஒரு சானடோரியம் கண்டார். 1937இல் அது அரசாங்கத்தின் வசம் வந்தது. இன்றும் அங்கேயுள்ள ரயில் நிலையத்துக்குச் சானடோரியம் என்றே பெயர். நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பதற்காக, ஊசிவழியாக நெஞ்சுக்குள் காற்றைச் செலுத்தி அதைச் சுருங்கச் செய்வார்கள். அது பலிக்காவிட்டால் விலா எலும்புகள் பலவற்றைக் கழற்றி, நெஞ்சுக் கூட்டையே உள்ளே அமுங்கச் செய்வார்கள். ஒரு பக்கம் தோள் சரிந்து, முதுகு வளைந்து நடமாடிய முதியவர்களை நம்மில் சிலர் பார்த்திருக்கலாம். அந்த அறுவையின் அடையாளம் அது. பரிதாபமான காலம். புதுமைப்பித்தன் க்ஷயத்துக்கு இரையாகித் திருவனந்தபுரத்தில் கண்மூடியது 1948ஆம் ஆண்டு. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருந்தும், ஏழை எழுத்தாளருக்கு எட்டும் பொருளாக அது அன்று இல்லை.

நெஞ்சைத் திறந்து நோயுற்ற பகுதியையே எடுத்துவிடும் முறை இந்தியாவில் வேரூன்றியது வேலூரில். ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க நிபுணர் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1949இல் நெஞ்சறுவைக்கென்றே தனித் துறையைத் தொடங்கினார். பிறகு ஒரு விந்தை நிகழ்ந்தது. 1952இல் ஐசோநியாசிட் மருந்து வந்தது. 1956இல் சென்னையில் காச நோய் மருந்தாய்வு நிலையம் ஏற்பட்டது. வீட்டிலிருந்தபடியே மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் படுத்திருந்து மருந்துண்டவர்களும் ஒன்றுபோலவே குணமடைகிறார்கள் என்று அந்த நிலையம் 1959இல் உலகுக்குக் காட்டிற்று. அதன்பின் க்ஷயத்துக்காகக் கத்தி எடுக்கவேண்டிய அவசியம் வெகுவாகக் குறைந்தது. மருந்துக்கு அடங்காத சிலருக்கும், நான் முன்பு சொன்ன எச்சங்களுக்கும் என்று அது ஒதுங்கிக்கொண்டது.

ஒரு நுரையீரல் முழுவதையும் ஒரே அமர்வில் எடுத்து, நோயாளி பிழைத்த கதையையும் இங்கே சொல்லியாகவேண்டும். அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரில், 1933ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், எவார்ட்ஸ் கிரஹாம் என்னும் அறுவை நிபுணர், ஜேம்ஸ் கில்மோர் என்பவரின் இடது நுரையீரலைப் புற்றுநோய்க்காக எடுத்தார். கில்மோரும் ஒரு வைத்தியரே, பிரசவ வைத்தியர். அவர் உடல்தேறித் தம் தொழிலுக்குத் திரும்பினார். கிரஹாமோ புகைப்பழக்கம் உள்ளவர். புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை, விண்டர் என்னும் இளைஞரோடு சேர்ந்து 1950இல் அவரே ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர்ப் புகைப்பதையும் விட்டார். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1957இல் அதே நோயால் அவர் இறந்தார். ஒற்றை நுரையீரலோடு கில்மோர் 1963 வரை வாழ்ந்திருந்தார்.

சரித்திரம் போதும், காரியத்துக்கு வருவோம்.

வைத்தியர் அறுவைக்கு நாள் குறிப்பதற்கும் அந்த நாள் வருவதற்கும் இடையே சில வாரங்கள் கிடைப்பதுண்டு. இந்த வாரங்களைப் பெரும்பாலோர் ஜோசியம் பார்ப்பதிலும், உறவினரிடம் சொல்லி அழுவதிலும் செலவிடுகிறார்கள். இரண்டையும் நான் தடுக்கவில்லை. ஆனால் இந்த வாரங்களே சிகிச்சையின் முதற்பகுதி.

எல்லாவற்றுக்கும் முன் பீடியையும் சிகரெட்டையும் விட்டொழிக்கவேண்டும். அறுவைக்கு நான்கு வாரங்களுக்கு முன்பேனும் நிறுத்துவது உத்தமம். அதற்கும் முன்பானால் இன்னும் உத்தமம். ஓரிரு நாளிலேயே இரத்தத்திலுள்ள நச்சுப்புகை நீங்கிப் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தி மீள்கிறது. மூச்சுக் குழாய்களின் உட்புறத்தில், சளியை மேல்நோக்கித் தள்ளும் நுண்ணிய மயிர்கள் உண்டு. புகையினால் மடங்கிப் படுத்துவிட்ட அவை மீண்டும் நிமிர வாரங்கள் ஆகும். நிறுத்திய புதிதில் சளி அதிகமாக வருவதைக் கண்டு, "பீடிதான் சளியை அடக்கி வைத்திருந்தது" என்று பழைய பழக்கத்துக்கே திரும்புவோர் உண்டு. உண்மையில், உறங்கிக்கிடந்த துப்புரவுப் பணியாளர் எழுந்து வேலைக்கு வந்துவிட்டார் என்பதே அதற்குப் பொருள். அடுப்புப் புகையும் இந்தக் கணக்கில் சேரும். நோயாளி பெண்ணாக இருந்தால், விறகடுப்பின் முன் நிற்கும் வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்ளவேண்டும்.

அடுத்தது நடை. வண்டியூர்க்காரர்களுக்கு இதற்கு வெளியூர் போகவேண்டியதில்லை. திருமலை நாயக்கர் வெட்டுவித்த மாரியம்மன் தெப்பக்குளம் ஒரு பக்கம் ஏறத்தாழ 1000 அடியும் மறுபக்கம் 950 அடியுமாக இருக்கிறது. கரையோரமாக ஒருமுறை சுற்றிவந்தால் 3900 அடி; முக்கால் மைலுக்குச் சற்றே குறைவு. விடியற்காலையில் அங்கே நடப்பவர்களுக்குக் குறைவில்லை. அறுவைக்கு நாள் குறித்தவர், முதல் நாள் ஒரு பக்கம் மட்டும் நடந்து, படித்துறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளட்டும். நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போய், வாரக்கடைசியில் ஒரு சுற்று, மறுவாரம் இரண்டு சுற்று என்று வளர்க்கட்டும். நடக்கும்போது வாய்விட்டு இரண்டு வாக்கியம் பேச முடியவேண்டும். பாட முடிந்தால் வேகம் போதவில்லை. பேசவே முடியாவிட்டால் வேகம் மிஞ்சிவிட்டது. இரத்தம் கக்குகிறவர்களும், இருதய நோயுள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடங்கலாகாது.

வைத்தியர்களுக்கும் நடையே ஓர் அளவுகோல். ஆறு நிமிஷத்தில் நோயாளி எத்தனை தூரம் நடக்கிறார் என்று பார்ப்பார்கள். 400 மீட்டருக்குக் குறைந்தால் யோசிப்பார்கள். பழைய அறுவை நிபுணர்கள் நோயாளியோடு தாங்களும் மாடிப்படி ஏறிப் பார்ப்பார்களாம். மூச்சு முட்டாமல் மூன்று மாடி ஏறினால் ஒரு மடலை எடுக்கலாம், ஐந்து மாடி ஏறினால் ஒரு பக்கம் முழுவதையும் எடுக்கலாம் என்பது அவர்கள் வாய்பாடு. இன்று கருவிகள் பல வந்துவிட்டபோதிலும், 22 மீட்டர் உயரம் படியேறக்கூடியவர் அறுவையைத் தாங்குவார் என்ற கணக்கு இன்னும் நூல்களில் இருக்கிறது. யானைமலை ஏறிக்காட்டச் சொல்லவில்லை, ஆறு ஏழு மாடிதான்.

நடையோடு மூச்சுப் பயிற்சியும் வேண்டும். கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, வயிறு எழும்புமாறு மெல்ல மூச்சிழுத்து, மூன்று எண்ணும் வரை நிறுத்தி, உதட்டைக் குவித்து, சூடான பாலை ஊதி ஆற்றுவது போல மெல்ல விடவேண்டும். பத்து முறை செய்தபின் இரண்டு முறை வலுவாக இருமவேண்டும். மருந்துக் கடைகளில் மூன்று பந்துகளுள்ள கருவி ஒன்று விற்கிறது. அதன் குழாயை வாயில் வைத்து உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே எழும்பும். பலர் அதை ஊதுகிறார்கள். ஊதுவதற்கல்ல, உறிஞ்சுவதற்கே அது. பந்து எவ்வளவு வேகமாக எகிறுகிறது என்பது முக்கியமன்று. எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதே முக்கியம். இவற்றையெல்லாம் அறுவைக்கு முன்பே பழகிவிடவேண்டும். நெஞ்சு வலிக்கும்போது புதிதாக ஒன்றைக் கற்க எவராலும் ஆகாது.

பல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாயிலுள்ள அழுக்கும் சொத்தைப்பல்லின் கிருமிகளும், மயக்க நிலையில் மூச்சுக் குழாய்க்குள் இறங்கிவிட வழியுண்டு. ஆகவே பல் வைத்தியரிடம் காட்டி வாயைச் சுத்தமாக்கிக்கொள்வது வீண்செலவன்று. உணவில் பருப்பு, முட்டை, பால், மீன் ஆகியவை சேரவேண்டும். இளைத்துப்போன உடலில் புண் ஆறாது. கண்மாய் அயிரை மீனைக் குழம்பு வைத்துக் கொடுக்கும் வீட்டார் நல்லதே செய்கிறார்கள். சர்க்கரை நோயுள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவரவேண்டும். இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்பவர்கள் அதை எப்போது நிறுத்துவதென்று வைத்தியரிடமே கேட்டுக்கொள்ளவேண்டும். தாமாக நிறுத்தலாகாது, சொல்லாமலும் இருக்கலாகாது. நாட்டு மருந்து உண்பவர்களும் அதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

செலவைப் பற்றிய கவலைக்கும் வழி இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். நெஞ்சறுவைகள் பலவும் அதில் அடங்கும். மதுரையில் அரசு இராஜாஜி மருத்துவமனையும், திருப்பரங்குன்றத்துக்கு அப்பால் தோப்பூரில் நெஞ்சக நோய் மருத்துவமனையும் இருக்கின்றன. வேலூருக்கோ தாம்பரத்துக்கோ மூட்டை கட்டவேண்டிய நிலை முன்போல் இல்லை.

அறுவை நடக்கும் நாளைப் பற்றி நோயாளி அறியவேண்டியது சிறிதே. அவர் உறங்குவார். இரு கிளைகளுள்ள குழாய் ஒன்றை மூச்சுக் குழாயில் செலுத்தி, ஒரு நுரையீரலைச் சுவாசிக்க விட்டு மற்றொன்றைச் சுருங்கச் செய்வார்கள். விலாவுக்கிடையே நீளக் கீறியோ, 1990களிலிருந்து பெருகிவரும் முறைப்படி சிறு துளைகள் வழியாகப் படப்பெட்டியை நுழைத்தோ காரியத்தை முடிப்பார்கள். சிறு துளை முறையில் வலி குறைவு, வீடு திரும்புவதும் விரைவு. ஆயினும் பழைய க்ஷயத்தால் நுரையீரல் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டவர்களுக்கு அது எப்போதும் கைகூடுவதில்லை. நீளக் கீறினால் வைத்தியர் திறமையற்றவர் என்று எண்ணவேண்டாம்.

கண் விழித்ததும் நோயாளியும் உறவினரும் முதலில் மிரள்வது விலாப்பக்கத்திலிருந்து புறப்பட்டுக் கட்டிலுக்குக் கீழே ஒரு புட்டியில் முடியும் குழாயைக் கண்டுதான். நெஞ்சுக்குள் தேங்கும் இரத்தநீரும் காற்றும் வெளியேறுவதற்கான வழி அது. புட்டியிலுள்ள தண்ணீர், வெளிக்காற்று உள்ளே புகாமல் காவல் செய்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனி தேசத்து பியூலாவ் என்னும் வைத்தியர் வழக்கத்துக்குக் கொண்டுவந்த உபாயம்; இத்தனை எளிய கருவி இத்தனை உயிர்களைக் காத்தது வேறெதுவும் இருக்குமா என்பது ஐயமே. மூச்சிழுக்கும்போதும் விடும்போதும் குழாயில் தண்ணீர் ஏறி இறங்கினால் நல்லது. இருமும்போது குமிழி வந்தால் அஞ்சவேண்டாம். நுரையீரலின் அறுபட்ட முகத்திலிருந்து கசியும் காற்று அது, பெரும்பாலும் சில நாட்களில் நின்றுவிடும். ஆனால் புட்டியை நெஞ்சின் மட்டத்துக்கு மேலே ஒருபோதும் தூக்கலாகாது. தூக்கினால் அழுக்குநீர் திரும்ப உள்ளே பாயும். குழாய் மடங்காமலும் பார்க்கவேண்டும். நோயாளி நடக்கும்போது புட்டியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு உடன் நடப்பது உறவினர் ஒருவரின் வேலை.

ஆம், நடக்கும்போது என்றுதான் சொன்னேன். மறுநாளே நாற்காலியில் உட்காரவேண்டும். முடிந்தால் அன்றே நான்கு அடி நடக்கவேண்டும். இங்கேதான் நம் குடும்பங்களின் அன்பு நோயாளிக்குப் பகையாகிறது. வண்டியூரைச் சேர்ந்த தோட்டக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். பழைய க்ஷயப் பொந்தில் பூஞ்சைப் பந்து வளர்ந்து, மூன்று முறை இரத்தம் கக்கி, கடைசியில் மேல்மடலை எடுத்தார்கள். அறுவை நன்றாகவே முடிந்தது. இரண்டாம் நாள் பார்க்கப் போனேன். மனைவி கட்டிலருகே நின்று, "இருமாதீங்க, தையல் விட்டுப்போகும்" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். மைத்துனர் போர்வையை இழுத்து மூடி, "மாமா, அசையாமப் படுங்க" என்றார். தோட்டக்காரரும் சளியை விழுங்கிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மூச்சுப் பயிற்சி கற்பிக்கும் இளம்பெண் வந்து, தலையணை ஒன்றைத் தையலின்மேல் வைத்து, அதை இரு கையாலும் அணைத்துக்கொள்ளச் சொல்லி, "இப்போது இருமுங்கள் ஐயா" என்றாள். மனைவி அவள் கையைப் பிடித்துத் தடுத்தார். அந்தப் பெண் சினக்கவில்லை. "அம்மா, தையல் உள்ளே நான்கு அடுக்கு, இருமலுக்கு அது விடாது. சளி உள்ளே தங்கினால் நாளைக்கே காய்ச்சல் வரும். தலையணையை நீங்களே பிடியுங்கள்" என்று அந்த அம்மாள் கையிலேயே கொடுத்துவிட்டாள். அவர் பிடித்தார்; கணவர் இருமினார்; கறுத்துத் திரண்ட சளி வந்தது. அன்று மாலைக்குள் மணிக்கொரு முறை தலையணையை எடுத்துக்கொண்டு கணவரை இருமச் சொன்னவர் அந்த அம்மாளே. தடுக்கிற கையிலேயே வேலையைக் கொடுத்துவிட்ட அந்தப் பெண்ணின் யுக்தியை நான் பெரிதும் மெச்சினேன்.

இருமுவதற்கு வலி தணிந்திருக்கவேண்டும். "வலி மருந்து அதிகம் உடம்புக்கு ஆகாது, பொறுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் வீரம் இங்கே வேண்டாம். வலியைப் பொறுத்துக்கொண்டு மேல்மூச்சாக மூச்சுவிடுகிறவருக்கு நுரையீரலின் அடிப்பகுதி விரிவதில்லை. விரியாத இடத்தில் சளி தேங்குகிறது. தேங்கிய இடத்தில் கிருமி வளர்கிறது. ஆகவே, கேட்கும்போதெல்லாம் மருந்து வாங்கிக்கொண்டு, அந்த நேரத்தில் பயிற்சி செய்வதே முறை. இரண்டு நாள் முதல் நான்கு நாளுக்குள் சிலருக்கு நெஞ்சு தாறுமாறாகப் படபடக்கும். இது நேர்வதுண்டு, மருந்தால் அடங்கும். ஆனால் உடனே சொல்லவேண்டும்.

கீறிய பக்கத்துத் தோளையும் அசைக்காமல் வைத்துவிட்டால் இறுகிப்போகும். சுவரருகே நின்று, விரல்களை எறும்பு ஊர்வது போல மேலே ஏற்றிக்கொண்டுபோய், நேற்று தொட்ட இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே இன்று தொடவேண்டும். சுவரில் கரிக்கோடு போட்டுக்கொள்ளலாம்.

வீடு திரும்புவது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள். அதன்பின் ஆறு முதல் எட்டு வாரம் வரை உடல் தேறும் காலம். இந்தக் காலத்தில் நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கலாகாது. நிறைகுடம் அதைப்போல் மூன்று மடங்கு கனம். ஆகவே இடுப்பில் குடம் வைப்பதும், நெல் மூட்டையைப் புரட்டுவதும், இரண்டு சக்கர வண்டியை உதைப்பதும் வேண்டாம். சாய்ந்து உறங்க இரண்டு தலையணை கூடுதலாக வேண்டும். வலி மருந்தினால் மலச்சிக்கல் உண்டாகும். முக்கினால் நெஞ்சு வலிக்கும். கீரையும் பழமும் தண்ணீரும் அதற்கு மருந்து. வாழைப்பழம் சளி, தயிர் சளி, முட்டை சூடு என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பத்தியம் வைத்து, நோயாளியைக் கஞ்சியோடு நிறுத்துகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அது புண்ணைப் பட்டினி போடுவதாகும். தெப்பக்குளத்து நடையை மீண்டும் தொடங்கலாம், முதலில் வீட்டு வாசல் வரை, பிறகு தெருமுனை வரை, பிறகு குளக்கரை. ஆனால் சித்திரையில் அழகர் வண்டியூருக்கு எழுந்தருளும் நாளில், அந்தப் புழுதியிலும் நெருக்கத்திலும் புது நோயாளி போய் நிற்கவேண்டாம். அழகர் மறு ஆண்டும் வருவார்.

மார்பின் முன்பக்கத்தில், தையலுக்குத் தள்ளி, மரத்துப்போனது போலவோ எரிவது போலவோ மாதக்கணக்கில் இருப்பதுண்டு. விலாவுக்கிடையே ஓடும் நரம்பு நசுங்கியதால் வருவது. நோய் திரும்பிவிட்டது என்று அஞ்சவேண்டாம். சிலருக்கு மூன்றாம் நான்காம் வாரத்தில் காரணமின்றி மனம் சோர்ந்து அழுகை வரும். அதுவும் தேறும் காலத்தின் ஒரு பகுதியே. பேச ஆள் வேண்டும், நடக்கத் துணை வேண்டும். அது வாரங்கள் கடந்தும் நீங்காவிட்டால் வைத்தியரிடம் சொல்லலாம்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் ஏறினால், நேற்றைவிட இன்று மூச்சு அதிகம் இரைத்தால், தையல் சிவந்து சீழ் வடிந்தால், ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தால், சளியில் புதிதாக இரத்தம் கண்டால், கழுத்தோ மார்போ உப்பி, தொட்டால் மணல்போல் நெறுநெறுத்தால், காத்திருக்கவேண்டாம். ஒரு பக்கத்து நுரையீரலை முழுவதும் எடுத்தவர் திடீரென்று தண்ணீர் தண்ணீராக நிறையச் சளி துப்பினால் அது மிகுந்த அபாயம். உள்ளே தைத்த இடம் திறந்து, அந்தப் பக்கத்து நீர் நல்ல நுரையீரலுக்குள் பாய்கிறது என்று பொருள். அவரை அறுவை செய்த பக்கம் கீழாக இருக்குமாறு ஒருக்களித்துப் படுக்கவைத்து, அப்படியே கொண்டுபோகவேண்டும்.

இறுதியாக, க்ஷயத்துக்காக அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஒன்று. வைத்தியர்கள் முதலில் மாதக்கணக்கில் மருந்து கொடுத்து, சளியில் கிருமி அடங்கிய பிறகே பெரும்பாலும் கத்தி எடுக்கிறார்கள். அறுவைக்குப் பின்னும் மருந்து உண்டு. "கெட்டதை வெட்டி எடுத்தாயிற்று, இனி மாத்திரை எதற்கு?" என்று நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கத்தி எடுத்தது பொந்தையும் பாழான பகுதியையும்தான். கண்ணுக்குத் தெரியாத கிருமி மற்ற மடல்களிலும் தங்கியிருக்கலாம். மருந்து இலவசம், உணவுக்கென்று மத்திய அரசு மாதந்தோறும் கொடுத்துவந்த 500 ரூபாயை 2024ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1000 ஆக உயர்த்தியிருக்கிறது. எந்தத் தேதியில் நிறுத்துவது என்பதை மருந்து கொடுத்தவர் வாயாலேயே கேட்டு, மருந்து அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.